தலையெழுத்தும் 32 எழுத்தும்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்குச் செல்லும் சாலையிலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வெயில் ஒரு படி இறங்குகிறது. குளிர் ஒரு படி ஏறுகிறது. ஏற்காட்டைத் தாண்டிக் காப்பித் தோட்டங்களின் ஊடே சென்றால், மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு இடையே எட்டிப் பார்க்கும் சிற்றூர்களுள் ஒன்று தலைச்சோலை.

நாம் அங்கே சென்றது எழிலைக் கண்டு களிக்க அல்ல; நண்பர்கள் கூட்டிய சிறு கூட்டமொன்றில் பேச. மேடை இல்லை, மாலை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு பலாமரம், அதன் அடியில் ஒரு திண்ணை, எதிரே நாற்பது ஐம்பது பேர். பேச்சு பள்ளிக்கூடத்தில் தொடங்கி, சாலையைத் தொட்டு, மருத்துவமனைக்கு வந்து, கடைசியில் எய்ட்ஸ் நோயிடம் வந்து நின்றது. நின்றதும் கூட்டம் அமைதியாயிற்று. ஊருக்கு ஊர் அப்படித்தான். அந்தப் பெயரைக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும், காது திறந்துகொள்ளும்!

இளைஞர் ஒருவர் எழுந்தார். “ஐயா, மலைக்காரங்க ரத்தம் கெட்டியான ரத்தம். கீழ்நாட்டு நோயெல்லாம் எங்களை ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றாங்களே, நெசந்தானுங்களா?” என்று கேட்டார்.

நாம் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி பதில் சொல்லிவிட்டார்: “ரத்தமாவது ஒண்ணாவது! வரணும்னு எழுதியிருந்தா வரும், இல்லைன்னா வராது. எல்லாம் தலையெழுத்து, தம்பி!”

இரண்டு பேச்சு. ஒன்று பெருமிதம், மற்றொன்று பெருமூச்சு. ஒன்று, எமக்கு வராது என்று மார்தட்டுகிறது. மற்றொன்று, வந்தால் என்ன செய்ய முடியும் என்று கைவிரிக்கிறது. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் – எல்லாம் பிறப்பிலேயே முடிந்துவிட்டது என்ற எண்ணம். பிறப்பைக் காட்டி மனிதனை அளக்கும் அந்தப் பழைய முழக்கோல், நோயையும் அளக்க வந்துவிட்டது!

நகைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். நகைக்கவில்லை. ஏனெனில் அந்த இருவர் பேச்சிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. எய்ட்ஸ் கிருமி எதிரே வந்து நின்றாலும் உள்ளே நுழைய முடியாத மனிதர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்குக் காரணம் ஓர் எழுத்துத்தான் என்பதும் மெய்யே. ஆனால் அது தலையில் எழுதிய எழுத்தல்ல. தாயும் தந்தையும் நமக்குத் தந்த மரபணுச் சுவடியில் இருக்கும் எழுத்து. அதை மறைத்துக்கொண்டு பேசுவதற்குப் பகுத்தறிவு என்று பெயர் சூட்டமாட்டோம். எடுத்து வைப்போம், பிறகு வழக்கைத் தீர்ப்போம்.

நம் உடலில் ஒரு காவற்படை இருக்கிறது. குருதியிலுள்ள வெள்ளை அணுக்களே அந்தப் படை. அந்தப் படைக்கு ஆணையிடும் தளபதிகளாக ஒருவகை அணுக்கள். அவற்றின் மேற்பரப்பில் சி.டி.4 என்றொரு புரதம். எச்.ஐ.வி. என்னும் அந்தக் கிருமி எல்லாரையும் விட்டுவிட்டு, தளபதியைத்தான் தேடிப் பிடிக்கிறது! சி.டி.4-ஐப் பற்றிக்கொள்கிறது. அது கிருமியின் கைப்பிடி என்று 1984-இல் அறிஞர் கண்டனர். ஆனால் கைப்பிடியைப் பற்றியதும் கதவு திறந்துவிடுவதில்லை. இன்னொரு தாழ்ப்பாளும் இருக்கிறது என்பது 12 ஆண்டுகள் கழித்து, 1996-இல் வெளிப்பட்டது. அந்தத் தாழ்ப்பாளின் பெயர் சி.சி.ஆர்.5.

அந்தப் புரதம் நோய்க்காக உடலில் முளைத்ததா? இல்லை. அது அணுவின் செவி. உடலில் எங்கேனும் காயம் பட்டால், வீக்கம் கண்டால், அங்கிருந்து சில வேதிப் பொருள்கள் தமுக்கடித்துச் செய்தி சொல்லும்: “ஓடி வா, இங்கே பகை!” அந்தத் தமுக்கொலியைக் கேட்கும் செவிகளுள் ஒன்றுதான் சி.சி.ஆர்.5. கிருமியோ செவியையே வாசலாக்கிக் கொண்டது! சி.டி.4-ஐப் பற்றி, உருவம் மாறி, சி.சி.ஆர்.5-இல் பொருந்தி, அணுவின் தோலோடு தன் தோலை இணைத்து உள்ளே பாய்கிறது. பாய்ந்தபின் தளபதியின் பாசறையிலேயே பகைவனின் படைக்கலச் சாலை!

இந்தத் தாழ்ப்பாளைச் செய்யும் குறிப்பு, மூன்றாம் குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. சிலருடைய சுவடியிலே அந்தக் குறிப்பில் 32 எழுத்துகள் இல்லை. 32 எழுத்து போனதும் அடுத்து வரும் சொற்களெல்லாம் குழம்பிவிடுகின்றன. 352 மணிகள் கோக்க வேண்டிய மாலை 215-ஆம் மணியோடு அறுந்துவிடுகிறது. அறுந்த மாலை அணுவின் மேற்பரப்புக்கு வருவதே இல்லை. வாசலைக் காணாத கிருமி வெளியிலேயே நின்றுவிடுகிறது.

எல்லாருக்கும் சுவடி இரண்டு – தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. இரண்டிலும் அந்த 32 எழுத்து இல்லையென்றால் வழக்கமான கிருமிக்குக் கதவு அடைப்பு. ஒன்றில் மட்டும் இல்லையென்றால் கதவு அரைக்கதவு. கிருமி நுழையும், ஆனால் நோய் முற்றும் வேகம் பெரும்பாலும் குறையும். நியூயார்க்கில் ஸ்டீபன் குரோன் என்ற ஓவியர் இருந்தார். அவருடைய அன்பர் 1982-இல் இந்நோயால் மாண்டார். நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அவர் மட்டும் நலமாக இருந்தார். தன் குருதியைத் தானே கொண்டுபோய் ஆராய்ச்சியாளரிடம் தந்தார். அவருடைய அணுக்களிலே சோதனைக்கூடத்தில் கிருமியைச் செலுத்திப் பார்த்தும் அது நுழையவில்லை. பிறகுதான் தெரிந்தது – இரண்டு சுவடியிலும் 32 எழுத்து இல்லாதவர் அவர்!

“அப்படியானால் பிறப்புத்தானே காத்தது?” என்று மடக்க வருவோர் உண்டு. பொறுமை வேண்டும். யாருடைய பிறப்பு?

வடக்கு ஐரோப்பாவிலே அந்த எழுத்துப் பிழை சுவடிகளில் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் காணப்படுகிறது. இரண்டு சுவடியிலும் பிழை உடையவர் அங்கேயே நூற்றில் ஒருவர்தாம். மற்ற 99 பேருக்கு அந்தக் கதவு அடைக்கவில்லை. நம் நாட்டின் நிலை என்ன? கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த பார்த்த மஜும்தாரும் பாதல் டேயும் நாட்டின் பல இனக்குழுக்களை ஆராய்ந்து 2001-இல் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலான குழுக்களிடம் அந்த எழுத்துப் பிழை இல்லவே இல்லை என்பதே முடிவு. அதற்கு மேலும் ஒன்று: நம் நாட்டில் பெரிதும் பரவியிருப்பது ‘சி’ வகைக் கிருமி; அது நாடுவது பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்னும் அதே வாசலைத்தான். அதாவது, திருடனுக்குப் பழக்கமான வாசல் எதுவோ, அது நம் வீட்டில் ஏறக்குறைய எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது!

கோத்திரம் சொல்லிக்கொள்வோருக்கும் அதுதான்; குலப்பெருமை பேசுவோருக்கும் அதுதான்; மாடிவீட்டுக்கும் அதுதான், மண்குடிசைக்கும் அதுதான். தலையிலிருந்து பிறந்தவர், தாளிலிருந்து பிறந்தவர் என்று வரிசை கட்டி வைத்தார்களே, அந்த வரிசையில் எந்தப் படிக்கும் இந்தக் காப்பு பட்டா எழுதிக் கொடுக்கப்படவில்லை. குருதியை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்த விஞ்ஞானிக்குக் குலம் தெரியவில்லை, கதவுதான் தெரிந்தது.

சரி, ஐரோப்பியன் மார்தட்டலாமா? அதுவும் கூடாது. அந்த எழுத்துப் பிழை எய்ட்ஸை எதிர்பார்த்து வந்ததல்ல. இந்தக் கிருமி சிம்பன்சிக் குரங்கிடமிருந்து மனிதனிடம் வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி. பிழையோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கொசு பரப்பும் மேற்கு நைல் காய்ச்சல் என்றொரு நோய் உண்டு. அந்தக் கிருமி தாக்கும்போது, சி.சி.ஆர்.5 இல்லாதவர்கள் மற்றவரைவிடக் கடுமையாகத் துன்புறுகிறார்கள் என்று 2006-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. செவியை அடைத்துக்கொண்டால் திருடன் நுழையமாட்டான், தமுக்கொலியும் கேட்காது! ஒரு நோய்க்குக் கவசம், மற்றொரு நோய்க்குக் கண்ணி. அது தவிர, எச்.ஐ.வி.யிலேயே வேறு தாழ்ப்பாளைத் திறக்கும் வகையும் இருக்கிறது. அந்த வகை வந்தபோது, ‘எனக்கு வராது’ என்றிருந்தோர் சிலருக்கும் வந்திருக்கிறது.

கறுப்பு நிறத்தைக் கண்டு முகம் சுளித்த உலகமல்லவா இது! மேற்கு ஆப்பிரிக்க மக்களில் ஏறக்குறைய எல்லாரிடமும், சிவப்பணுக்களின்மேல் டஃபி என்ற ஒரு புரதம் இல்லை. அதுவும் சி.சி.ஆர்.5-இன் உறவினம்தான். அது இல்லாத காரணத்தால் வைவாக்ஸ் மலேரியா அவர்கள் குருதியில் பெரும்பாலும் நுழைய முடியவில்லை என்று 1976-இல் கண்டறிந்தனர். இயற்கை வெள்ளையனுக்கு ஒரு பூட்டை வைத்தது. கறுப்பனுக்கு வேறொரு பூட்டை வைத்தது. எவருக்கும் எல்லாப் பூட்டையும் தரவில்லை. அதனிடம் உயர்வு தாழ்வு என்ற கணக்கே இல்லை.

“மலைக்காரர் ரத்தம் கெட்டியா?” என்று கேட்ட இளைஞருக்கு மலையிலிருந்தே ஒரு சான்று தந்தோம். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரி மலை மக்களின் குருதியை ஆராய்ந்தனர். சிவப்பணு அரிவாள்போல் வளையும் கூறு அங்கே இருப்பதைக் கண்டனர். ஒரு சுவடியில் மட்டும் அந்தக் கூறு இருந்தால் கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு. இரண்டிலும் இருந்தால் வாழ்நாளெல்லாம் வலி, சோகை. ஒரே எழுத்து, ஒரு பிள்ளைக்கு வரம், அதே வீட்டின் மற்றொரு பிள்ளைக்கு வாதை. கெட்டி ரத்தமா, இளகிய ரத்தமா? இரண்டும் இல்லை. மனித ரத்தம்!

இதைச் சொன்னதும் தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் தலையசைத்தார். “காப்பிச் செடியும் அப்படித்தானுங்க” என்றார். நாம் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார்! காப்பி இலையின் அடிப்புறத்து நுண்துளை வழியே துரு நோய் நுழைகிறது. 1869-இல் இலங்கையில் கால்வைத்து, அந்நாட்டுக் காப்பித் தொழிலையே படுக்க வைத்த நோய் அது. கென்ட் என்ற வகை அதைத் தாங்கி நின்றது, தோட்டக்காரர் மகிழ்ந்தனர். பிறகு துருவும் புது வகையாக மாறிற்று; கென்டும் வீழ்ந்தது. அதனால் தோட்டக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தாரா? செடியின் தலையெழுத்து என்று பாடினாரா? இல்லை! வேறு வகைகளை ஒட்டிப் பிறப்பித்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைப் பருவமறிந்து தெளித்தார். செடிக்குத் தலையெழுத்துப் பேசாத நாம், சேய்க்கு மட்டும் ஏன் பேசுகிறோம்?

எழுத்து என்று ஒன்று இருக்கிறது என்று கண்ட அறிவு அதோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கரான திமோத்தி பிரௌன் பெர்லின் நகரில் வாழ்ந்தவர். எச்.ஐ.வி.யும் உண்டு, குருதிப் புற்றுநோயும் உண்டு. கெரோ ஹ்யூட்டர் என்ற மருத்துவர், இரண்டு சுவடியிலும் 32 எழுத்து இல்லாத ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய எலும்பு மச்சை அணுக்களை 2007-இலும் 2008-இலும் பிரௌனுக்குச் செலுத்தினார். கிருமி ஒழிந்தது! 2020-இல் பழைய புற்றுநோய் திரும்பி வந்து பிரௌன் மறைந்தார், அப்போதும் எச்.ஐ.வி. திரும்பவில்லை. 2019-இல் லண்டனில் ரவீந்திர குப்தாவின் குழு அதேபோல இரண்டாமவரின் செய்தியை வெளியிட்டது. ஆனால் இது எல்லாருக்கும் ஆகும் மருத்துவமல்ல. உயிரைப் பணயம் வைக்கும் சிகிச்சை. புற்றுநோய் முற்றியவருக்கே பொருந்தும்.

அதே 2007-இல் மராவிராக் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா இசைவு தந்தது. அது சி.சி.ஆர்.5 மேல் அமர்ந்து வாசலை அடைக்கிறது. பிறவி தராத பூட்டை மனிதன் ஆய்வுக்கூடத்திலே செய்துவிட்டான்! அறிவு அடக்கம் இழந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2018-இல் சீனாவில் ஹெ ஜியான்குய் என்பவர், கருவிலேயே அந்த மரபணுவை வெட்டி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்தார். குழந்தைகளுக்குப் பின்னால் என்ன நேரும் என்று அறியாமலேயே செய்த செயல்! உலகம் கண்டித்தது; 2019-இல் மூன்றாண்டுச் சிறை விதித்தது சீன நீதிமன்றம். தலையெழுத்து என்று சோம்பியிருப்பதும் தவறு. தானே பிரமன் என்று துள்ளுவதும் தவறு.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள். நம் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. நாம் நிமிர்ந்து சொல்லத்தக்க கதை.

1986. “இந்த நோய் நம் நாட்டுக்கு வராது, நம் பண்பாடு அப்படிப்பட்டது!” என்று மேதாவிகள் மேடையில் முழங்கிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், தேடிப் பார் என்றார். நிர்மலா பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களைத் தேடிச் சென்று குருதி மாதிரிகளைத் திரட்டினார். வைக்க இடமின்றித் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்தார். கணவர் துணைவர, பனிக்கட்டிப் பெட்டியிலே எடுத்துக்கொண்டு இரவு ரயிலேறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். சோதனையிலே ஆறு மாதிரிகளில் கிருமி தெரிந்தது. நாட்டின் கண் திறந்தது! ‘பண்பாடு தடுக்கும்’ என்ற பேச்சு, ‘கெட்டி ரத்தம்’ என்ற பேச்சின் அண்ணன்தான். இரண்டையும் வென்றவை ஓர் ஆசிரியையின் ஐயமும் ஒரு மாணவியின் துணிவும்.

அந்தச் சென்னையே இன்னொரு பெருமைக்கும் உரியதாயிற்று. 9 நாடுகளில் 1,763 இணையரைக் கொண்டு நடந்த பேராய்வில் சென்னையும் புனேயும் பங்கேற்றன. கிருமியுடையவர் தொடக்கத்திலேயே கூட்டு மருந்து உண்டால், துணைவருக்குப் பரவும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் முடிவு வந்தது. மருந்தை நாள்தோறும் தவறாமல் உண்டு, சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டால், உடலுறவு வழியே பிறருக்குப் பரவாது என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. தாய்க்கும் சேய்க்கும் மருந்து தராவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை நோய் தொற்றக்கூடும். தந்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. இந்த மருந்தை அரசு 2004 ஏப்ரல் முதல் இலவசமாகத் தருகிறது. சோதனைக்கு நம்பிக்கை மையங்கள் இருக்கின்றன. நோயைக் காட்டி வேலையை விட்டு நீக்குவதும் பள்ளியில் சேர்க்க மறுப்பதும் கூடாது என்று 2017-இல் சட்டமும் வந்துவிட்டது.

பிறவிக் கவசம் இல்லாத நாட்டுக்கு அறிவுக் கவசம் வந்துவிட்டது. ஆனால் நம் உள்ளத்திலே ஒரு வாசல் இன்னும் அடைபட்டே கிடக்கிறது, தோழர்களே!

மலையிலிருந்து திரும்பும் வழியில் தேநீர் அருந்த ஓரிடத்தில் நின்றோம். இடத்தின் பெயரைச் சொல்லமாட்டோம். தமிழ்நாட்டில் எந்த ஊராகவும் இருக்கலாம். பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்கு மட்டும் தனியாக ஒரு குவளை. மாடத்தில் ஒதுக்கி வைத்திருந்த குவளை. குடித்தாள், தானே கழுவினாள், மாடத்திலேயே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நடந்தாள். விசாரித்தோம். கணவன் நோயால் மாண்டவன், அவளுக்கும் கிருமி உண்டு, மருந்து உண்கிறாள், நலமாக இருக்கிறாள். கிருமி குவளையால் பரவாது, கைகுலுக்கினால் பரவாது, ஒரே தட்டில் உண்டாலும் பரவாது. இது அந்தக் கடைக்காரருக்கும் தெரியும்! தெரிந்தும் தனிக்குவளை.

தனிக்குவளையை நாம் அறியாதவர்களா? தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்து மனிதனை மனிதன் அவமதித்த நாட்டில் பிறந்தவர்கள் நாம். அந்தக் குவளையை உடைக்க எத்தனை கிளர்ச்சி, எத்தனை சிறை! உடைத்துவிட்டோம் என்று பெருமூச்சு விடுமுன், அதே குவளை வேறு மாடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்று பிறப்பின் பெயரால். இன்று நோயின் பெயரால். சோதனைக்குப் போக மக்கள் அஞ்சுவது ஊசிக்காக அல்ல, இந்தக் குவளைக்காக! அஞ்சியவர் சோதிப்பதில்லை, சோதிக்காதவர் மருந்து பெறுவதில்லை, மருந்து பெறாதவரிடமிருந்து கிருமி அடுத்தவரைத் தேடுகிறது. ஆகவே அந்தக் குவளையே கிருமியின் கூட்டாளி. சி.சி.ஆர்.5 வாசலைவிட அகலமான வாசல் அது!

தலைச்சோலையின் பலாமரத்தடியிலே நாம் சொன்ன விடையை இங்கேயும் சொல்லி முடிக்கிறோம்.

தம்பி, மலை ரத்தம் காக்காது; சமவெளி ரத்தமும் காக்காது. பாதுகாப்பான உறவும், சோதித்த குருதியும், புது ஊசியும், அஞ்சாமல் செய்துகொள்ளும் சோதனையும், தவறாமல் உண்ணும் மருந்தும் காக்கும்.

பாட்டியம்மா, எழுத்து உண்டு, மறுக்கவில்லை. 32 எழுத்து குறைந்தால் ஒருவன் தப்புகிறான், குறையாதவன் மாட்டிக்கொள்கிறான். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்துகொண்டோம். அதற்கு எதிர்மொழி எழுதவும் தெரிந்துகொண்டோம். படிக்கத் தெரிந்துவிட்ட எழுத்துக்குத் தலையெழுத்து என்று பெயரில்லை.

பாட்டி சற்று நேரம் நம்மைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பேத்தியின் தோளைத் தட்டி, “கேட்டுக்க புள்ள, நாளைக்கு நீதான் படிச்சுச் சொல்லோணும்” என்றார்.

கூட்டம் கலைந்தது. மலையிலே பனி இறங்கிக்கொண்டிருந்தது. நாமும் இறங்கினோம் – அந்தக் குவளை காத்திருந்த மாடத்தை நோக்கி. திரும்பிச் செல்லும்போது அது அங்கே இருக்கக்கூடாது. அதை அகற்றும் வேலைக்கு விஞ்ஞானி வரமாட்டார்; நாம்தாம் போகவேண்டும்.